போன மாசம் போட்ட ஊசியே மறுபடியும் எதுக்கு?

புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். துணை சுகாதார நிலையத்துத் திண்ணையில் ஏழெட்டுக் கைக்குழந்தைகள். என் தங்கை மகனுக்கு அன்று 75 நாள் ஊசி. கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவது மட்டும்தான் என் வேலை என்பதால் சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். எங்களுக்கு முன்னால் பேரனை மடியில் வைத்திருந்த ஒரு பாட்டி, நர்ஸம்மா மருந்து பாட்டிலைக் கையில் எடுத்ததுமே கேட்டுவிட்டார்.

"ஏம்மா, போன மாசம்தானே இதே ஊசியைப் போட்டே? இன்னைக்கும் அதேவா? அப்ப அது புடிக்கலையா?"

"அதேதான் பாட்டி. அடுத்த மாசம் இன்னொண்ணு இருக்கு" என்று சிரித்துவிட்டு நர்ஸம்மா பஞ்சை எடுத்தார். வரிசை வாசல் வரை நீண்டிருந்தது. அதற்கு மேல் விளக்க அவருக்கு நேரமில்லை.

ஆனால் பாட்டியின் கேள்வி லேசான கேள்வி இல்லை. படித்த பெற்றோரும் இதையேதான் மனதுக்குள் கேட்கிறார்கள், வாய்விட்டுக் கேட்பதில்லை. காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி பிறந்தவுடன் ஒரே ஒரு முறை. இடது தொடையில் போடும் ஊசி மூன்று முறை. தட்டம்மை ஊசி இரண்டு முறை. ரணஜன்னிக்கான (டெட்டனஸ்) டி.டி.யோ காலில் முள் குத்தினால்கூட. ஏன் இப்படி? எல்லாவற்றையும் 'டோஸ்' என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுவதுதான் குழப்பத்துக்குக் காரணம். ஒரே ஊசியைத் திரும்பப் போடுவதற்கு மூன்று வேறுவேறு காரணங்கள் இருக்கின்றன. அந்த மூன்றையும் பிரித்துப் பார்த்துவிட்டால் தேதி தள்ளிப்போனால் என்ன செய்வது, எது அவசரம், எது அவசரமில்லை என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

தொடை ஊசியில் என்ன இருக்கிறது?

முதலில் அந்தத் தொடை ஊசி. அதன் பெயர் பெண்டாவேலண்ட். ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, பி வகை மஞ்சள் காமாலை, ஹிப் என்ற கிருமியால் வரும் நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும். 2011 டிசம்பரில் இந்திய அரசு இதைத் தொடங்கியபோது முதலில் போட ஆரம்பித்தது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான். 6, 10, 14 வாரங்களில் போடுவார்கள். நம் ஊர்ப் பேச்சில் 45 நாள், 75 நாள், 105 நாள் ஊசி.

இதற்குள் உயிருள்ள கிருமி எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தொண்டை அடைப்பானுக்கும் ரணஜன்னிக்கும் கிருமி கக்கும் விஷத்தை எடுத்து, அதன் பல்லைப் பிடுங்கி வைத்திருக்கிறார்கள். கக்குவானுக்குக் கொன்ற கிருமி. மஞ்சள் காமாலைக்கு வைரஸின் மேலுறைப் புரதம் மட்டும். ஹிப்புக்கு அந்தக் கிருமியின் சர்க்கரைப் போர்வையை ஒரு புரதத்தோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். எதுவும் உடம்புக்குள் போய்ப் பெருகாது. அரை மில்லி போட்டால் அந்த அரை மில்லிதான். உடம்பு அதைப் பார்க்கும், சில நாட்களில் துடைத்துப் போட்டுவிடும்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் உடம்பு என்ன கற்றுக்கொள்கிறது? ஊசி போட்ட தசையில் உள்ள காவல் செல்கள் மருந்தின் துணுக்குகளை விழுங்கிக்கொண்டு பக்கத்து நெறிக்குப் போகும். நெறி என்றால் வேறொன்றுமில்லை. பிள்ளைகளுக்குக் காலில் புண் வந்தால் தொடை இடுக்கைத் தடவிப் பார்த்து "நெறி கட்டியிருக்கு" என்பார்களே, அதேதான். கட்டாத நாளிலும் அது அங்கேயே இருக்கிறது. ரத்தத்தில் சுற்றும் பி செல்கள் (ஒரு வகை வெள்ளை அணுக்கள்) வந்து கூடும் இடம் அது. ஒவ்வொரு பி செல்லின் மேலும் ஒரு வடிவத்தில் கொக்கி. வந்த துணுக்கோடு ஓரளவுக்காவது பொருந்தும் கொக்கி சில செல்களிடம்தான் இருக்கும். அவை பல்கிப் பெருகும்.

எல்லோரும் இந்த இடத்தில் போலீஸ், திருடன், போட்டோ என்று உவமை சொல்வார்கள். எனக்கு டெய்லர் உவமைதான் பிடிக்கும். முதல் தடவை துணி வந்ததும் டெய்லர் அவசரத்துக்கு ஒரு சட்டை தைத்துத் தருகிறார். அளவு தொளதொள. முதல் ஊசிக்குப் பிறகு ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்துக்கு வரும் ஆன்டிபாடி, அதாவது அந்தச் செல்கள் தயாரித்து வெளியே விடும் கொக்கி, அப்படித்தான் இருக்கும். கொஞ்சம், அதுவும் சரியாகப் பொருந்தாது. ஆனால் கடைக்குள்ளே வேலை நிற்பதில்லை. நெறிக்குள் அந்த பி செல்கள் தங்களைப் பிரதி எடுக்கும்போது கொக்கியின் வடிவத்தை மட்டும் வேண்டுமென்றே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்க்கின்றன. பெரும்பாலான மாற்றங்கள் கெடுதலாகத்தான் முடியும். அந்தச் செல்கள் செத்துப்போகும். எப்போதாவது ஒன்று முன்பைவிட நன்றாகப் பொருந்தும், அது நிலைத்துவிடும். மறுபடி பிரதி, மறுபடி மாற்றம், மறுபடி கழித்தல். வாரக்கணக்கில் நடக்கும் வேலை இது. கடைசியில் தேறிய செல்களில் ஒரு பங்கு எலும்பு மஜ்ஜைக்குள் போய் உட்கார்ந்து வருடக்கணக்கில் ஆன்டிபாடியைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருக்கும். இன்னொரு பங்கு ஞாபகச் செல்களாகச் சும்மா காத்திருக்கும்.

மூன்று காரணங்களில் முதலாவது இதுதான்: இரண்டாவது ஊசி அந்த ஞாபகச் செல்களை எழுப்பத்தான். இந்த முறை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். சில நாட்களிலேயே ஆன்டிபாடி பல மடங்கு ஏறும், பொருத்தமும் கச்சிதமாக இருக்கும். லண்டனில் வெல்கம் ஆய்வகத்தில் வேலை பார்த்த அலெக்சாண்டர் கிளென்னி இதை 1921-லேயே எழுதிவைத்தார். முன்பே ஒரு முறை மருந்து பார்த்த விலங்கு, இரண்டாம் முறை அதைவிடச் சீக்கிரமாகவும் மிக அதிகமாகவும் எதிர்ப்பைக் காட்டுகிறது என்பது அவர் கண்டது. இன்று நம் குழந்தைகளின் அட்டையில் இருக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்ற கட்டங்களுக்கு வேர் அங்கே இருக்கிறது.

அதே கிளென்னிதான் 1926-ல் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். மருந்தோடு படிகாரத்தைச் சேர்த்தால் அது ஊசி போட்ட இடத்திலேயே தங்கி, உடம்பின் கவனத்தை நன்றாக இழுக்கிறது. ஆமாம், நாம் திருஷ்டிக்கு வாசலில் கட்டித் தொங்கவிடும் அதே படிகாரம். அதன் வழியில் வந்த அலுமினிய உப்புதான் இன்றும் பெண்டாவேலண்டில் மில்லிகிராம் கணக்கில் இருக்கிறது. "ஊசியில அலுமினியம் கலக்குறான்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியின் உள்விஷயம் இவ்வளவுதான். ஊசி போட்ட இடத்தில் சில வாரம் ஒரு சின்னக் கட்டி போலத் தட்டுப்பட்டால் அதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். தேய்க்க வேண்டாம், எண்ணெய் தடவி உருவவும் வேண்டாம். தானாகக் கரையும்.

சரி, ஏன் ஒரு மாத இடைவெளி? அடுத்த வாரமே போட்டு முடித்துவிட்டால் அலைச்சல் மிச்சமில்லையா? டெய்லர் இன்னும் அளவு சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். அதற்குள் அதே துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பயனில்லை. முதல் ஊசியால் வந்த ஆன்டிபாடியே இரண்டாவது ஊசி மருந்தைத் துடைத்து எடுத்துவிடவும் கூடும். அதனால்தான் குறைந்தது நான்கு வாரம் என்று வைத்திருக்கிறார்கள்.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். குறைந்தபட்ச இடைவெளி உண்டே தவிர, "இதற்கு மேல் தள்ளிப்போனால் முதல் ஊசி வீண்" என்று ஒரு கணக்கு இந்த வரிசையில் கிடையாது. ஞாபகச் செல்கள் காத்திருக்கும். 75 நாள் ஊசியை ஐந்தாம் மாதம் கொண்டுபோய்ப் போட்டாலும் அது இரண்டாவது ஊசிதான். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. தேதி தவறிவிட்டதே, நர்ஸம்மா திட்டுவாரே என்று பயந்து போகாமலே இருந்துவிட்ட தாய்மார்களை எனக்குத் தெரியும். தாமதத்தைவிட அந்தப் பயம்தான் குழந்தைக்குக் கெடுதல் செய்கிறது.

அதற்காகத் தாமதம் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு ஊசி மட்டும் போட்ட குழந்தைக்குப் பாதுகாப்பு அரைகுறை. கக்குவான் இருமல் உயிரை எடுப்பது பெரும்பாலும் பிறந்து சில மாதமே ஆன குழந்தைகளை. சில மருந்துகளுக்கு வயது வரம்பும் உண்டு. ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தை ஒரு வயதுக்குள் தொடங்கியாக வேண்டும். பி.சி.ஜி.யையும் ஒரு வயது வரைதான் போடுவார்கள்.

இரண்டாவது வாய்ப்பு

ஒன்பது மாதம் முடிந்ததும் வலது கையில் எம்.ஆர். ஊசி: தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்கும் சேர்த்து. பிறகு 16-லிருந்து 24 மாதத்துக்குள் மறுபடி ஒன்று. இதையும் பூஸ்டர், அதாவது தேய்ந்துபோன எதிர்ப்பைத் தூக்கிவிடும் ஊசி, என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இது வேறு கதை.

எம்.ஆரில் இருப்பது உயிருள்ள வைரஸ், ஆனால் வலுவிழக்கச் செய்தது. உள்ளே போய்க் கொஞ்சம் பெருகும். அதனால் உடம்புக்குப் பாடம் கற்றுக்கொள்ள நிறைய நாள் கிடைக்கிறது. ஒரே ஊசியிலேயே பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆயுளுக்கும் போதுமான ஞாபகம் வந்துவிடும். இப்படிப்பட்ட ஞாபகம் எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்கு வடக்கு அட்லாண்டிக்கில் இருக்கும் ஃபாரோ தீவுகளில் ஒரு சாட்சி உண்டு. அங்கே 1781-ல் தட்டம்மை வந்து போனது. பிறகு 65 வருடம் எட்டிப் பார்க்கவில்லை. 1846-ல் கப்பலில் ஒருவரோடு மறுபடி வந்தபோது, ஏறக்குறைய 7,800 பேர் இருந்த தீவுகளில் சுமார் 6,000 பேர் படுத்துவிட்டார்கள். பீட்டர் பானும் (Panum) என்ற இளம் டாக்டர் ஆராயப் போய் வீடு வீடாக விசாரித்ததில், 1781-ல் தட்டம்மை கண்டிருந்த கிழவர் கிழவிகளில் ஒருவருக்குக்கூட அது மறுபடி வரவில்லை. இத்தனைக்கும் நடுவில் 65 வருடம் அந்த வைரஸின் வாடைகூட அவர்கள் மேல் படவில்லை.

அப்படியென்றால் இரண்டாவது எம்.ஆர். எதற்கு? அம்மாவால்தான். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயின் ஆன்டிபாடி தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கு இறங்குகிறது. முதல் சில மாதங்கள் அது குழந்தைக்குக் காவல். ஆனால் ஊசியில் போகும் பலவீனமான வைரஸையும் அது விடாது. பெருகும் முன்பே மடக்கிவிடும். அந்தத் தாய்க்காவல் கரையக் கரையத்தான் ஊசி பிடிக்கும். ஒன்பது மாதத்தில் போட்டால் நூற்றுக்கு 85 குழந்தைகளுக்குப் பிடிக்கிறது. ஒரு வயதுக்கு மேல் என்றால் இன்னும் சில பேருக்கு. அப்படியானால் ஒரு வயது வரை காத்திருக்கலாமே என்று தோன்றும். தட்டம்மை அரிதாகிவிட்ட நாடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். நம் நாட்டில் அதற்குள் நோயே முந்திக்கொள்ளும்.

ஆக நூற்றில் 15 குழந்தைகளுக்கு முதல் ஊசி பிடித்திருக்காது. எந்தப் பதினைந்து என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. ஒவ்வொரு குழந்தைக்கும் ரத்தம் எடுத்துச் சோதிப்பதைவிட, எல்லோருக்கும் இன்னொன்று போட்டுவிடுவது சுலபம். முதலில் பிடித்தவர்களுக்கு அதனால் கெடுதல் இல்லை; பிடிக்காதவர்களுக்கு இது இரண்டாவது வாய்ப்பு. இரண்டும் போட்டால் நூற்றுக்கு 97 பேர் வரை பாதுகாப்பு. பாட்டி கேட்ட "புடிக்கலையா?" என்ற சொல் பெண்டாவேலண்டுக்குப் பொருந்தாது, எம்.ஆருக்கு அட்சரம் பிசகாமல் பொருந்தும்.

அந்தப் பதினைந்து பேருக்காக இவ்வளவு மெனக்கெடுவானேன் என்று கேட்டால், தட்டம்மை அவ்வளவு பொல்லாதது. எதிர்ப்பு இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றும். நோயாளி எழுந்து போன அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரைகூட வைரஸ் இருக்கும். நூற்றுக்கு 95 பேருக்காவது எதிர்ப்பு இருந்தால்தான் பரவல் அடங்கும். ஒரே ஊசியால் அந்த எண்ணை எட்டவே முடியாது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லோருக்கும் எம்.ஆர். போட்டார்களே, "முன்னாடியே போட்டாச்சு, மறுபடி எதுக்கு?" என்று பள்ளி வாசலில் எத்தனை வாக்குவாதம்! முன்பே போட்டவர்களுக்கும் ஏன் போட்டார்கள் என்பதற்கு விடை இந்தப் பதினைந்து பேர்தான். அதை அன்று யாராவது பொறுமையாகச் சொல்லியிருந்தால் பாதி வதந்தி அடங்கியிருக்கும் என்று இன்றும் நினைப்பேன்.

போலியோ சொட்டு மருந்தை அத்தனை முறை விட்டதும் கிட்டத்தட்ட இதே காரணத்தால். குடலில் ஏற்கனவே வேறு கிருமிகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் நம் குழந்தைகளிடம், மேலைநாட்டில் வேலை செய்த மூன்று தவணை போதவில்லை. இதை 1970-களிலேயே எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான். பிறகு வந்ததுதான் வருடா வருடம் ஞாயிற்றுக்கிழமை பூத்தும், சுண்டுவிரலில் மை வைப்பதும். 2011 ஜனவரி 13-ல் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் பதிவானதுதான் இயற்கையாகத் திரியும் போலியோ வைரஸால் நாட்டில் வந்த கடைசி நோய்.

மறந்துவிடும் உடம்பு

மூன்றாவது காரணம் மறதி. அசல் பூஸ்டர் என்றால் இதுதான். பெண்டாவேலண்டில் கட்டியெழுப்பிய ஆன்டிபாடி நாள்பட நாள்படக் குறையும். ஒன்றரை வயது வாக்கில் டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி மூன்றுக்கும் சேர்த்து) பூஸ்டர், 5-6 வயதில் இன்னொன்று. பிறகு 10 வயதிலும் 16 வயதிலும் பள்ளியிலேயே போடும் டி.டி. ஊசி. நான் பார்த்தவரை அதிகம் விட்டுப்போவது அந்த 5-6 வயது ஊசிதான். கைக்குழந்தையாக இருந்தபோது தேதி தவறாமல் ஓடியவர்கள், பிள்ளை யூ.கே.ஜி. போனதும் "அதான் எல்லாம் போட்டாச்சே" என்று இருந்துவிடுகிறார்கள். அட்டையும் அதற்குள் பீரோவின் அடித்தட்டுக்குப் போயிருக்கும்.

விட்டால் என்ன ஆகும்? சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு 1990-களில் அங்கே தொண்டை அடைப்பான் திரும்பி வந்து ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் பிடித்தது. பெரியவர்களின் பழைய எதிர்ப்பு தேய்ந்திருந்தது, குழந்தைகளுக்கும் ஊசி குறைந்திருந்தது. அவ்வளவு தூரம் போவானேன், பக்கத்து மலப்புரத்திலேயே 2016-ல் அது வந்து பிள்ளைகளின் உயிரைக் கொண்டுபோனது.

மறதியிலும் ஒரு விசித்திரம் உண்டு. ரணஜன்னி வந்து பிழைத்தவருக்குக்கூட அதற்கு எதிர்ப்பு சக்தி வருவதில்லை. ஆளைக் கொல்லப் போதுமான விஷம், உடம்புக்குப் பாடம் கற்பிக்கப் போதாத அளவுக்குத் துளியூண்டு. "நோய் வந்து இயற்கையா எதிர்ப்பு சக்தி வரட்டுமே" என்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அப்புறம் டி.டி. நம் ஊரில் இதற்கென்று ஒரு தனிச் சட்டமே இருக்கிறது: அடிபட்டால் டி.டி., அதற்கு ஆயுள் ஆறு மாதம். யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. நானே ஒரு வருடத்தில் இரண்டு முறை போட்டுக்கொண்டிருக்கிறேன். முதல் முறை பைக்கிலிருந்து விழுந்தபோது. நான்கு மாதம் கழித்து ஆணி குத்தியது. "நாலு மாசம் முன்னாடிதான் போட்டேன்" என்று சொல்லியும், "சேஃப்டிக்குப் போட்டுக்கங்க சார்" என்று கையைச் சுருட்டச் சொல்லிவிட்டார்கள். தோள்பட்டை மூன்று நாள் சிவந்து வீங்கிக் கிடந்ததுதான் மிச்சம். எதிர்ப்பு ஏற்கனவே நிறைய இருக்கும்போது மேலே மேலே போட்டால் வீக்கம் இப்படி அதிகமாகத்தான் வரும்.

உண்மையான கணக்கு வேறு. சிறு வயது ஊசிகளை முழுதாகப் போட்டவருக்குச் சுத்தமான சின்னக் காயம் என்றால், கடைசி டி.டி. போட்டு 10 வருடம் ஆகியிருந்தால்தான் புதிதாகத் தேவை. மண், சாணி படிந்த காயம், ஆழமான குத்து என்றால் 5 வருடக் கணக்கு. சிறு வயதில் போட்டாரா என்றே தெரியாத பெரியவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவருக்கு முழு வரிசையும் தேவைப்படும். நம் தாத்தா பாட்டிகளில் பலர் இந்த ரகம். இன்னொன்று, துருவுக்கும் ரணஜன்னிக்கும் சம்பந்தமில்லை. மண்ணில் கிடந்த ஆணியில் துருவும் இருக்கும், அந்தக் கிருமியின் வித்தும் இருக்கும். பழி துரு மேல் விழுந்துவிட்டது.

கர்ப்பிணிகளுக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி போடுவதும், மூன்று வருடத்துக்குள் அடுத்த கர்ப்பம் என்றால் ஒன்றோடு விடுவதும் இதே ஞாபகக் கணக்குதான். முதலில் எழுப்பிவைத்த செல்கள் இன்னும் விழிப்பாக இருக்கின்றன, ஒரு தட்டு போதும். அந்த ஆன்டிபாடி தொப்புள்கொடி வழியாக இறங்கிப் பிறந்த குழந்தையைக் காக்கும். எம்.ஆருக்குத் தடையாக நின்ற அதே வழி இங்கே கைகொடுக்கிறது.

இவ்வளவையும் கவனமாகப் படித்தவர் ஒரு இடத்தில் என்னை மடக்கலாம். நான்கு வாரம் இடைவெளி வேண்டுமென்றால், நாய்க்கடிக்கு மட்டும் ஏன் 0, 3, 7-ஆம் நாள் என்று அடுத்தடுத்துக் குத்துகிறார்கள்? காரணம், அங்கே வைரஸ் ஏற்கனவே உள்ளே வந்துவிட்டது. அது நரம்பைப் பிடித்து மூளைக்குப் போகும் முன் ஆன்டிபாடி வந்தாக வேண்டும். நல்ல அளவுச் சட்டை தைக்க நேரமில்லை. கிடைத்ததைப் போட்டுக்கொண்டு ஓட வேண்டியதுதான். காயம் மோசமாக இருந்தால், முதல் வாரத்துக்குக் கைமாற்றாக வேறு இடத்தில் தயாரான ஆன்டிபாடியையே காயத்தைச் சுற்றிப் போடுவார்கள். மறுபடி கடிபட்டால் இரண்டு ஊசி மட்டும் போதும் என்பதும் ஞாபகச் செல்களின் தயவு. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்பதெல்லாம் பழைய மருந்தின் காலம். அந்தப் பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பவர்கள் இன்னும் இருப்பதால்தான் சொல்கிறேன். கடித்தவுடன் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, நேராக ஊசிக்குப் போங்கள்.

ஃப்ளூ ஊசி வருடா வருடம் போடுவது ஏன் என்பது இந்த மூன்றிலும் அடங்காது. அங்கே நமக்கு மறதி கொஞ்சம்தான்; வைரஸ்தான் வேஷத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது.

காய்ச்சல் வந்தால், வராவிட்டால்

திண்ணையில் காதில் விழுந்த இன்னொரு பேச்சு: "போன தடவ காய்ச்சல் கொதிச்சுது, இந்தத் தடவ ஒண்ணுமே இல்லையே, மருந்து வீரியம் இல்லையோ?" காய்ச்சலுக்கும் ஊசி பிடிப்பதற்கும் முடிச்சுப் போட வேண்டாம். பெண்டாவேலண்டில் காய்ச்சலைக் கிளப்புவது பெரும்பாலும் கக்குவானின் கொன்ற கிருமி. சில குழந்தைகளுக்கு வரும், சிலருக்கு வராது. இருவருக்கும் பாதுகாப்பு வரும். அன்றோ மறுநாளோ தொடங்கி இரண்டு நாளில் அடங்கிவிடும். எம்.ஆரில் உயிருள்ள வைரஸ் பெருகுவதற்கு நாளாகும் என்பதால் காய்ச்சல் ஒரு வாரம், பத்து நாள் கழித்து வரும், சில சமயம் லேசான தடிப்போடு. அப்போது ஊசி போட்டதே நமக்கு மறந்திருக்கும். பி.சி.ஜி. தழும்பு விழாத குழந்தைக்கும் ஊசி வீணாகிவிட்டது என்று அர்த்தமில்லை, மறுபடி போட வேண்டியதும் இல்லை.

காய்ச்சல் மருந்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் இதில் நடக்கும் தவறு நிஜமாகவே ஆபத்து. பாராசிட்டமால் சொட்டு மருந்தும் சிரப்பும் ஒன்றல்ல. சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சாதாரணச் சிரப்பில் ஐந்து மில்லிக்கே 120, 125 மில்லிகிராம்தான். மூத்தவனுக்கு வாங்கிய சிரப்புக்குச் சொன்ன அளவை, சின்னவனுக்கு வாங்கிய சொட்டு மருந்தில் கொடுத்தால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும். அளவு வயதுக்கு இல்லை, எடைக்கு; எத்தனை மில்லி என்று கேட்டு அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாமல் வீறிட்டு அழுதாலோ, வலிப்பு (ஜன்னி) வந்தாலோ, துவண்டு போனாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றாலோ "ஊசி காய்ச்சல்தான்" என்று வீட்டில் வைத்திருக்காமல் டாக்டரிடம் தூக்கிப் போங்கள்.

அட்டை தொலைந்துவிட்டால்? போட்டதற்கு அத்தாட்சி இல்லாத ஊசியைப் பெரும்பாலும் போடாததாகவே வைத்துக்கொண்டு வயதுக்கு ஏற்றபடி போடுவார்கள். ஏற்கனவே எம்.ஆர். போட்ட குழந்தைக்கு இன்னொன்று கூடுதலாகப் போனாலும் கெடுதல் இல்லை. இருந்தாலும் தொலைக்காமல் இருப்பது நல்லது.

வீட்டுக்கு வந்ததும் தங்கை மகனின் அட்டையைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டோம், யாரிடமாவது ஒரு பிரதி இருக்கட்டும் என்று. பத்து நிமிடம்கூட ஆகவில்லை, திருப்பூர் சித்தப்பாவிடமிருந்து பதில் வந்தது: "இதையேதானடா போன மாசமும் போட்டாங்க?"